துயர் துடைத்தவர்களின் குறிப்பேடுகள்

(எலவனாசூர்கோட்டையில் பஞ்சாயத்து உறுப்பினர்களிடையே ஆற்றிய உரை)



நம் ஊர்ச் சிவன் கோயிலில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. அன்று நடந்ததை இன்றும் படித்தறிகிறோம். ஆனால், 2024 டிசம்பர்த் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் தென்பெண்ணை பெருகியபோது எந்த வயலில் எவ்வளவு மணல் படிந்தது, எவ்வுதவி பயன்பட்டது, எது வீணாயிற்று என்பதை எத்தனை ஊராட்சிகள் எழுத்தில் காட்ட இயலும்?

இவ்விஷயத்தில் நாகப்பட்டினத்தாரிடம் நாம் கற்க வேண்டியது உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அம்மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. உதவிப் பொருள்கள் நாடெங்கிலுமிருந்து குவிந்தன. அதுவே தொல்லையுமாயிற்று; எவரும் உடுத்த விரும்பாத பழந்துணிகள் சாலையோரம் மலைபோல் கிடந்தன. கொடுப்பவர் கேட்காமல் கொடுத்தால் இப்படித்தான் ஆகும். தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் சினேகா என்னும் தொண்டு நிறுவனமும் மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து ஓர் ஒருங்கிணைப்பு மையத்தை ஏற்படுத்தின. எவ்வூருக்கு எது தேவை, யார் எங்கே பணிபுரிகிறார் என்பது அங்கே குறிக்கப்பட்டது. கிராமங்களில் தகவல் மையங்களும் ஏற்பட்டன. நிவாரணம் முடிந்ததும் கலைந்து போயிருக்கலாம். அவ்வாறின்றி, அவ்வனுபவத்தைப் பெட்ராக் என்னும் அமைப்பு ஏற்றுத் தொடர்ந்தது.

விவசாயிகளுக்கு அங்கே இன்னொரு பாடமும் உண்டு. கடல்நீர் புகுந்த நிலங்கள் பல ஆண்டுகள் பயிருக்கு உதவா என்றே அஞ்சினர். நம்மாழ்வார் முதலிய இயற்கை வேளாண்மையாளர் வழிகாட்ட, கடற்சேற்றை அகற்றினர்; வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி, உப்பைக் கரைத்து வடித்தனர்; தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதனர். நெல் மீண்டும் விளைந்தது. இம்முறையை எழுதி வைக்காதிருந்தால், அடுத்த தலைமுறை முதலிலிருந்து தொடங்க நேரும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யத்தருகே கரை கடந்ததை நினைவிற் கொள்ளுங்கள். பதினான்கு ஆண்டுகள்கூட நிறையவில்லை.

நன்கொடை நின்றால் தொண்டு நிறுவனம் மறையலாம். தொண்டர்களும் வேறூர் செல்வர். ஊராட்சி நிலைத்திருக்கும். ஆகவே அவர்களுடைய குறிப்பேடுகளின் பிரதியை அவர்கள் புறப்படுமுன்னரே ஊராட்சி கேட்டுப் பெறவேண்டும். செலவுக் கணக்கு மட்டும் போதாது. அதனினும், தவறாக முடிந்த வேலைகளைப் பற்றிய குறிப்பே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. அதை மனமுவந்து தருவோர் சிலரே; வற்புறுத்திக் கேளுங்கள்.

வெள்ளம் நின்ற உயரத்தைப் பள்ளிச் சுவரில் வண்ணக்கோடாக இடுங்கள். முதியோர் சொல்வதை ஆசிரியரைக்கொண்டு எழுதுவியுங்கள். அக்டோபர் 2 கிராம சபையில் அந்நோட்டை உரக்கப் படியுங்கள். பிழையிருப்பின் ஊரார் அங்கேயே திருத்துவர்.