உணவும் ஒவ்வாமையும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நான் வைத்தியம் கற்றவன் அல்லன். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, இரயில்வே பார்சல் அலுவலகத்தில் இரசீது எழுதிக்கொண்டிருப்பவன். உணவைப் பற்றிப் பேசும்படி நம் காரியதரிசி கேட்டபோது, தகுதியுடைய டாக்டர் ஒருவரை அழைக்கலாமே என்றேன். நோயைப் படித்தவர் பேச்சைப் பலமுறை கேட்டாயிற்று, நோயோடு குடித்தனம் செய்தவர் ஒருமுறை பேசட்டும் என்றார். மறுமொழி கூற இயலாமல் உங்கள் முன் வந்து நிற்கிறேன்.

2011-ஆம் ஆண்டில் மாற்றலாகி இவ்வூருக்கு வந்தோம். இங்கே கோதுமை மலிவு. நல்ல புழுங்கலரிசி கிடைப்பது அரிது. இரண்டு வருஷத்துக்குள் இரவுச் சாப்பாடு சப்பாத்தி என்றாகிவிட்டது; பிறகு பகலுக்கும் அதுவே. உங்கள் வீடுகளிலும் இந்தக் கதை நடந்திருக்கும். என் மகள் 2012-ல் இங்கேயே பிறந்தாள். ஒவ்வொரு பொங்கலன்றும் அவள் உயரத்தைச் சமையலறைக் கதவு நிலையில் பென்சிலால் கோடிட்டு வைப்பது எங்கள் வழக்கம். 2017-ஆம் ஆண்டுக் கோட்டுக்கும் 2018-ஆம் ஆண்டுக் கோட்டுக்கும் இடையே ஒரு விரற்கடைகூட இல்லை.

வயிறு உப்பியிருந்தது, கைகால்கள் குச்சியாயின, அடிக்கடி பேதி, முகம் வெளுத்துவிட்டது. பூச்சி மருந்து கொடுத்தோம். இரத்தம் ஊற இரும்புச் சத்து மருந்து மாதக்கணக்கில் கொடுத்தோம். ஒன்றும் பலிக்கவில்லை. குழந்தை தேறட்டுமென்று என் மனைவி கோதுமையை முளைகட்டி, வறுத்து, அரைத்து, கஞ்சி காய்ச்சி இரு வேளையும் ஊட்டினாள். அந்தக் கஞ்சியே குழந்தையைத் தின்றுகொண்டிருந்தது என்பதை நாங்கள் எவ்வாறு அறிவோம்?

அடுத்த குவார்ட்டர்ஸில் இருந்த பஞ்சாபி அம்மையார்தாம் முதலில் ஐயுற்றார். அவருடைய தங்கை மகனும் இப்படித்தான் இருந்தானாம். "இது கேஹூம் கீ அலர்ஜியாக இருக்கும், இரத்தம் பரிசோதியுங்கள்" என்றார். கேஹூம் என்றால் கோதுமை என்பது உங்களுக்குத் தெரியும். பரிசோதனையில் அவர் ஐயம் மெய்யாயிற்று. ஆனால் அலர்ஜி என்ற சொல் மட்டும் சரியன்று என்று டாக்டர் விளக்கினார். அந்த வேற்றுமையை அறிந்துகொள்ள எனக்குப் பல நாட்கள் பிடித்தன.

நம் உடலில் எதிர்ப்புச் சக்தி என்றொரு காவற்படை உண்டு. அது டிக்கெட் பரிசோதகரை ஒத்தது. கிருமி என்னும் சீட்டில்லாப் பயணியைப் பிடிப்பது அதன் கடமை. சிலருடைய உடலில் அது சீட்டுள்ள பயணியையே திருடனென்று பிடித்துக்கொண்டு ஸ்டேஷன் முழுவதும் அபாயமணி அடித்துவிடுகிறது. நிலக்கடலை, இறால், மீன், முட்டை, பால் இவற்றில் ஏதேனும் ஒன்று சிறிதளவு வாயில் பட்டாலும், சில நிமிஷங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ தோல் தடிக்கும், உதடு வீங்கும், வாந்தி வரும். இதுவே அலர்ஜி. அச்சொல்லை 1906-ல் படைத்தவர் வியன்னா நகரத்து டாக்டர் வான் பிர்க்கே. 1921-ல் ஜெர்மானிய டாக்டர் பிராவுஸ்னிட்ஸ், மீன் ஒவ்வாத தம் தோழர் கியுஸ்ட்னரின் இரத்த நீரைத் தம் தோலுக்குள் ஊசியால் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றை ஏற்ற, அவ்விடம் தடித்து எழுந்தது. குற்றம் இரத்தத்தில் ஓடும் ஒரு பொருளிடத்தே இருக்கிறது என்று அதனால் தெளிவாயிற்று. தோழருக்காகத் தம் தோலையே கொடுத்த அம்மனிதரை நான் வியக்காத நாளில்லை.

இவ்வகை அலர்ஜியில் மூச்சுத் திணறலோ தொண்டை இறுக்கமோ மயக்கமோ கண்டால் ஒரு நிமிஷமும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அங்கே தொடையில் போடும் அட்ரினலின் ஊசியே உயிர் காப்பது. அரிப்பு மாத்திரையை விழுங்கிவிட்டுக் காத்திருப்பது ஆபத்து.

பால் ஒவ்வாமை என்று நாம் சொல்வதிலே பெரும்பாலானது வேறு வகை. பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி, பால்குடிப் பருவம் கடந்ததும் பலருக்குக் குறைந்துவிடுகிறது. தென்னாட்டாரில் இது மிகுதி, இப்பகுதியாரில் குறைவு. வயிறு பொருமும், போகும், உயிருக்குப் பயமில்லை. காவற்படைக்கு இதில் வேலையே இல்லை. தயிர் இவர்களுள் பலருக்கு ஒத்துக்கொள்ளும். ஏனெனில் அச்சர்க்கரையில் ஒரு பகுதியை உறைமோரிலுள்ள நுண்ணுயிர்களே தின்றுவிடுகின்றன. இரவில் லஸ்ஸியையும் பாலையும் ஊற்றி ஊற்றி உபசரிக்கும் நண்பர்களிடம் மோர் போதும் என்று சொல்லலாம்; அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

என் மகளுக்கு வந்தது மூன்றாம் வகை. அதன் பெயர் சீலியாக் நோய். கோதுமையிலும் பார்லியிலும் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. அது உள்ளே சென்றால் காவற்படை தன் சொந்தக் குடலையே தாக்குகிறது. சிறுகுடலின் உட்சுவரில் விரல் விரலாக நிற்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து மழுங்கிவிடுகின்றன. பிறகு நெய்யும் பருப்பும் கொடுத்தென்ன, இரும்பு மருந்து கொடுத்தென்ன? உறிஞ்சுவதற்கு ஆளில்லை. தடிப்பும் வீக்கமும் இன்றி மாதக்கணக்கில் நடக்கும் காரியமாதலின் எவருக்கும் கோதுமையின்மேல் ஐயம் எழுவதில்லை.

இதனைக் கண்டறிந்த வரலாறு உருக்கமானது. ஹாலந்து தேசத்துக் குழந்தை வைத்தியர் வில்லெம் டிக்கெ என்பவருக்குக் கோதுமையின்மேல் யுத்தத்துக்கு முன்பே ஐயம் இருந்தது. 1944–45 குளிர்காலத்தில் அந்நாட்டில் பெரும் பஞ்சம். மக்கள் டியூலிப் பூவின் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள். ஊரெல்லாம் பட்டினியால் மெலிய, இந்நோயுடைய குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி மீண்டும் வந்தது. நோயும் மீண்டும் வந்தது. 1950-ல் தம் ஆராய்ச்சியை அவர் நூலாக்கிப் பல்கலைக்கழகத்தில் அளித்தார்.

கோதுமையை நிறுத்திய ஆறு மாதத்தில் எங்கள் கதவு நிலையில் புதிய கோடு எழுந்தது. ஆனால் ஊரிலிருந்து என் தாயார், "ஏண்டா, நம் வம்சத்திலேயே இல்லாத நோய் இவளுக்கு எப்படி வந்தது?" என்று கேட்டார்கள். அக்கேள்வி என்னை உறங்கவிடவில்லை. 2016-ல் வெளிவந்த ஓர் இந்திய ஆய்வில் விடை கிடைத்தது. இந்நோய்க்கு இடங்கொடுக்கும் மரபுக்கூறு வடக்கிலும் தெற்கிலும் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இருக்கிறதாம். ஆயினும் நோயின் இரத்தக்குறி வடநாட்டில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேலாகவும், தென்னாட்டில் ஆயிரத்துக்கு ஒருவருக்கும் காணப்பட்டது. வடநாட்டார் கோதுமை உண்கிறார்கள். தென்னாட்டார் மிகக் குறைவாகவே உண்கிறார்கள். வம்சத்தில் நோய் இல்லாமலிருந்திருக்கலாம். நோய்க்குரிய வித்து இருந்திருக்கக் கூடும். அரிசிச் சோறு அதனை முளைக்கவிடவில்லை. அந்த வித்தை நாம் மூட்டை முடிச்சுகளோடு இங்கே கொண்டுவந்திருக்கிறோமோ என்பதுதான் இந்தக் குடியிருப்பில் என் ஐயம். எனவே, குழந்தை வளரவில்லை, சோகை தீரவில்லை, பேதி நிற்கவில்லை என்றால் இதையும் நினைத்துப் பாருங்கள். ஆனால் பரிசோதனைக்கு முன்னால் நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திவிட்டால் இரத்தத்திலுள்ள குறி மறைந்து நோய் தெரியாமற் போகும்.

மருந்து ஒன்றுமில்லை, ஆயுள் முழுவதும் பத்தியமே மருந்து. இட்லி, தோசை, சோறு, கேழ்வரகு, கம்பு, சோளம் யாவும் ஆகும். ரவை, மைதா, சேமியா ஆகா. கோதுமை அரைத்த சக்கியில் அரைத்த அரிசி மாவும் ஆகாது. 2019-ல் ஊர்த் திருவிழாவுக்குப் போனோம். பத்து நாளும் சோறும் சாம்பாருமே உண்ட பெண்ணுக்கு மறுபடியும் வயிற்றுநோய். வீடெல்லாம் தேடிய பின் பெருங்காய டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். சேர்ந்திருக்கும் பொருள்களில் கோதுமை மாவு என்று அச்சிட்டிருந்தது! அன்று முதல் பார்சலின் லேபிலைப் படிப்பதைவிடக் கவனமாக மளிகை டப்பாவின் லேபிலைப் படிக்கிறேன்.

"ஒரு வாய் தின்றால் என்ன ஆகிவிடும்?" என்று அன்போடு கேட்பவர்களுக்கும், பிரசாத அல்வாவை மறுத்தபோது கர்வம் பிடித்த பெண் என்று எண்ணியவர்களுக்கும் இதைச் சொல்லவே வந்தேன். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. முன்பு நானும் அப்படித்தான் எண்ணியிருப்பேன்.

இன்றிரவு விருந்துக்கு அரிசி மாவு சேர்த்த பெருங்காயத்தையே காரியதரிசி தேடி வாங்கியிருக்கிறார். கேசரி ரவையில் செய்தது. அரிசிப் பாயசம் தனிப் பாத்திரத்தில், தனிக் கரண்டியோடு இருக்கிறது. என் மகள் உங்களோடு பந்தியில் அமர்வாள். பரிமாறும் இளைஞர்கள் அந்தக் கரண்டியை மட்டும் மாற்றிவிடாமல் இருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.