செடியறிவும் சேர்ந்தறிதலும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

இக்கழகம் 25 ஆண்டுகளாக நம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு ஊட்டி வந்துள்ளது. கல்வியால் விளைந்த நன்மைகளைப் பற்றி நமக்கு முன் பேசியோர் விரிவாக எடுத்துரைத்தனர். நாம் எடுத்துக்கொண்ட பொருளோ சற்று வேறுபட்டது. வேலியோரத்திலும் வரப்பிலும் வீட்டுக் கொல்லையிலும் வளரும் செடிகொடிகளை இன்னதென அறிவது எங்ஙனம், அதனை யார் யார் கூடிச் செய்தல் வேண்டும் என்பதே அப்பொருள். 'செடியின் பெயரை அறிவதால் நம் மக்களுக்கு என்ன உயர்வு வந்துவிடும்?' என்று சிலர் வினவலாம். அவ்வினாவிற்கு விடை கூறவே முற்படுகிறோம்.

முதற்கண் நாம் அனைவரும் அறிந்த ஒன்றிலிருந்து தொடங்குவோம். நெல் வயலில் குதிரைவாலி இனத்தைச் சேர்ந்த களைப்புல் ஒன்று முளைக்கும். இளம்பருவத்தில் அது நெற்பயிரைப் போலவே தோன்றும். இரண்டையும் பிரித்தறியத் தாவரவியல் நூல் ஓர் அடையாளம் கூறுகிறது. இலையின் அலகும் தண்டைச் சுற்றிய உறையும் கூடும் இடத்தில் நெல்லுக்கு நாக்குப் போன்ற மெல்லிய சவ்வு உண்டு. அக்களைப்புல்லுக்கு அஃது இல்லை. நம் தாய்மார்கள் அந்நூலைப் படித்தவர்கள் அல்லர். ஆயினும் முழங்கால் சேற்றில் நின்று, குனிந்த முதுகு நிமிராமல், களையை மட்டும் பறித்துப் பயிரை விட்டுச் செல்கின்றனர். நூல் காரணத்தைக் கூறுகிறது. கை கண்டவுடன் தெளிகிறது. இரண்டும் அறிவே. ஆனால் முன்னதற்குப் பட்டம் உண்டு. பின்னதற்கு அன்றாடக் கூலி மட்டுமே உண்டு. அறிவு என்ற பெயர்கூட அதற்கு இல்லை.

கையறிவும் நூலறிவும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்ததுண்டா? உண்டு. அதனைக் காண இங்கிலாந்து நாட்டின் லங்காஷயர் பகுதிக்குச் செல்லல் வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம். மான்செஸ்டர் நகரைச் சுற்றியிருந்த சிற்றூர்களில் கைத்தறி நெசவாளரும், செருப்புத் தைப்போரும், சுமை தூக்குவோரும் வாழ்ந்தனர். வாரத்தில் ஆறு நாளும் உழைத்து, ஞாயிறன்று புல்வெளிகளிலும் ஓடைக்கரைகளிலும் நடந்து செடிகளைச் சேகரித்தனர். பின்னர் ஒரு மதுவிடுதியில் கூடினர். மதுவிடுதி என்றதும் நம் தாய்மார்கள் முகம் சுளிக்க வேண்டா! கூலிக்கு உழைப்போர் கூடிப் பேச அக்காலத்தில் அவர்க்கு வேறு கூடம் வாய்க்கவில்லை. ஆளுக்குச் சில பென்னிகள் சந்தா செலுத்தி, தனியொருவரால் வாங்க இயலாத தாவரவியல் நூல்களைப் பொதுவில் வாங்கி, அங்கேயே பேழையில் வைத்துப் பயன்படுத்தினர். எலிசபெத் கேஸ்கல் அம்மையார் 1848இல் வெளியிட்ட 'மேரி பார்ட்டன்' என்னும் புதினத்திலும் இத்தகைய உழைப்பாளர் இடம்பெற்றுள்ளனர்.

அவர்களுள் ஜான் ஹார்ஸ்ஃபீல்ட் என்பவர் நெசவாளர். 1792இல் பிறந்து 1854இல் மறைந்தவர். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், பூவிலுள்ள மகரந்தத் தாள்களின் எண்ணிக்கை முதலியவற்றைக் கொண்டு செடிகளை 24 வகுப்புகளாகப் பிரித்திருந்தார். ஹார்ஸ்ஃபீல்ட் அவ்வகுப்புகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதித் தறிக்காலில் குத்தி வைத்தார். கை நாடாவை ஓட்ட, கண் அத்தாளைப் படித்தது. தறியே அவருக்குப் பள்ளியாயிற்று. அவர் தம் தோட்டத்தில் உருவாக்கிய டாஃபடில் மலர்வகை ஒன்று அவர் பெயராலேயே 'ஹார்ஸ்ஃபீல்டியை' என்று வழங்கலாயிற்று.

மற்றொருவர் ரிச்சர்ட் பக்ஸ்டன். சிறுவர்க்கான தோற்செருப்புத் தைத்து வயிறு வளர்த்தவர். இவ்வவையில் இதனை அழுத்திக் கூற விரும்புகிறோம். தோலைத் தொட்டுப் பிழைப்பவன் ஏட்டைத் தொடலாகாது என்று விலக்கப்பட்ட மரபில் வந்தோர் நம்முள் பலர். பக்ஸ்டன் தம் பதினாறாம் வயதுவரை எழுத்தறியாதவர். அதன்பின் தாமே முயன்று படிக்கக் கற்றார். பச்சிலைகளின் பயனை அறிய வேண்டிச் செடிகளைப் பார்க்கத் தொடங்கினார். 1826இல் கெர்சல் மூர் என்னும் வெளியில் செடி தேடிச் சென்றபோது ஹார்ஸ்ஃபீல்டைச் சந்தித்தார். அது முதல் அவரும் அக்கூட்டத்தாருள் ஒருவரானார். மான்செஸ்டரைச் சுற்றி 16 மைல் தொலைவுக்குள் வளரும் செடிகளுக்கு 1849இல் ஒரு வழிகாட்டி நூல் வெளியாயிற்று. அதன் ஆசிரியர் பேராசிரியர் ஒருவர் அல்லர். இச்செருப்புத் தொழிலாளியே ஆவார்.

எட்வர்ட் ஹாப்சன் என்பவர் பண்டகசாலை ஊழியர். 1818 முதல் 1822 வரை 'மஸ்கை பிரிட்டானிகை' என்னும் தொகுப்பை வெளியிட்டார். அதில் அச்சிட்ட படங்களுக்கு மாறாக, உலர்த்திய பாசிகளையே ஒட்டிப் பெயர் குறித்திருந்தார். அக்காலத்தின் பெரும் தாவரவியல் அறிஞர் வில்லியம் ஜாக்சன் ஹூக்கர். கிளாஸ்கோவில் பேராசிரியராகவும், 1841 முதல் கியூ தாவரத் தோட்டத்தின் இயக்குநராகவும் விளங்கியவர். அவர் இவ்வுழைப்பாளருடன் கடிதத் தொடர்பு கொண்டு, அவர்கள் கண்டெடுத்தவற்றைத் தம் ஆய்வுக்குப் பயன்படுத்தினார். எந்த ஓடையின் எந்தக் கரையில் எந்தப் பாசி வளர்கிறது என்பது அங்கு நாள்தோறும் நடப்பவனுக்கே தெரியும். அது முன்னரே பெயர் பெற்றதா, புதியதா என்பது பல நாட்டு நூல்களையும் ஒப்பிட்டவனுக்கே தெரியும். ஆதலின் ஒருவர் இன்றி மற்றவர் பணி முற்றுப்பெறாது.

அவர்தம் கூட்டங்கள் நடந்த முறையும் ஈண்டு கருதத்தக்கது. கொண்டுவந்த செடிகள் யாவும் மேசைமேல் குவிக்கப்படும். தலைவர் ஒன்றை எடுத்துப் பெயர் கூறி அடுத்தவரிடம் தருவார். அது கைமாறி அவையைச் சுற்றி வரும். ஒவ்வொருவரும் பக்கத்தவரிடம் பெயரைச் சொல்லவே கூச்சலும் வாதமும் மிகுந்தன. எனவே தலைவர் பெயரை உரக்கக் கூறும்போது ஏனையோர் அமைதி காத்தல் வேண்டும் என ஒழுங்கு செய்தனர். பெருஞ்செல்வமோ கட்டடமோ இன்றி, ஒழுங்கு ஒன்றினாலேயே அச்சங்கங்கள் நிலைபெற்றன.

இத்தகைய கூட்டுறவு மேனாட்டுக்கே உரியதன்று. நமக்கு அண்மையிலுள்ள கேரள நாட்டில் அதற்கும் முன்னரே நடந்தது. கொச்சியில் டச்சுக்காரரின் ஆளுநராக இருந்த வான் ரீட் என்பவர் தாவரவியல் கற்றவர் அல்லர், போர்வீரர், செடிகளின்மேல் காதல் கொண்டவர். அவர் தொகுத்த 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' என்னும் பெருநூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளியாயிற்று. அதில் எழுநூற்றுக்கும் மேற்பட்ட செடிகள் இடம்பெற்றன. அங்கே நிபுணர் எவர்? இட்டி அச்சுதன் என்னும் மருத்துவர். அக்காலச் சாதி அடுக்கில் தாழ்த்தி ஒதுக்கப்பட்ட ஈழவர் குலத்தவர். செடிகளின் பெயரும் குணமும் தாம் கூறியவை என்று 1675இல் அவர் அளித்த சான்றுரை, அவர் எழுதிய எழுத்திலேயே முதல் தொகுதியில் அச்சேறியுள்ளது. ரங்கபட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணி அந்தணர் மூவரின் சான்றுரையும் அதே தொகுதியில் உள்ளது. கோயில் தெருவில் சேர்ந்து நடக்க முடியாதோர் அந்நூலில் அடுத்தடுத்து இடம்பெற்றனர். லின்னேயஸும் பின்னர் அந்நூலைப் பயன்படுத்தினார்.

வான் ரீட் பெயர் குறித்தமையால் இட்டி அச்சுதனை இன்று நாம் அறிகிறோம். ஆனால் காட்டிலும் மேட்டிலும் அலைந்து செடிகளைப் பறித்துச் சுமந்து வந்த கூலியாட்களின் பெயர்கள் மறைந்து போயின. அவர்களும் எதையும் அறியாமல் பறித்திருக்க மாட்டார்கள். எழுதப்பட்டவன் நிலைத்தான், எழுதப்படாதவன் மறைந்தான். நம் மக்களின் வரலாறே இதுவன்றோ!

எழுத்தின் வலிமைக்கு அண்மைக்காலச் சான்றும் உண்டு. மஞ்சள் புண் ஆற்றும் என்பதற்கு 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. இது நம் நாட்டில் பழைய அறிவு என்பதைப் பண்டை நூல்களையும் ஏடுகளையும் காட்டி நம் நாட்டு அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் மெய்ப்பித்தது. 1997இல் அக்காப்புரிமை நீக்கப்பட்டது. 'எங்கள் பாட்டி சொன்னாள்' என்று மட்டும் கூறியிருந்தால் வழக்கு அத்துணை எளிதில் வென்றிராது.

இனி, கையறிவு மட்டுமே போதும் என்று கூறுகிறோமோ எனின், அன்று. கண்வலிக்கிழங்கு எனப்படும் செங்காந்தளை எண்ணுக. அது நம் மாநில மலர். அதன் கிழங்கில் கொல்லும் நஞ்சு உண்டு. உண்ணும் கிழங்கென மயங்கித் தின்று இறந்தோரும் உளர். கொடி உள்ளபோது இலை நுனி சுருண்டு பற்றுக்கம்பியாக நீண்டிருப்பதைக் கண்டு தெளியலாம்; வெறுங்கிழங்கைக் கண்டு தெளிவது கடினம். ஒரே பெயர் இரு செடிக்கு வழங்குவதும் உண்டு. வெள்ளைக் கரிசாலையும் மஞ்சள் கரிசாலையும் பெயரால் உடன்பிறந்தார் போலத் தோன்றினும் தாவரவியலில் வெவ்வேறு பேரினத்தைச் சேர்ந்தவை.

நூலறிவும் பிழைபடாததன்று. மஞ்சட்காமாலைக்கு நம்மவர் கொடுக்கும் கீழாநெல்லியை 'பில்லாந்தஸ் நிரூரி' என்றே நெடுங்காலம் நூல்கள் குறித்து வந்தன. அப்பெயருக்குரிய செடி அமெரிக்கக் கண்டத்தது என்றும், நம்முடையது 'பில்லாந்தஸ் அமாரஸ்' என்றும் பின்னரே தெளிந்தனர். இக்காலத்தில் கைப்பேசியில் படம் எடுத்தால் அது உடனே ஒரு பெயரைக் கூறும். அது நல்ல தொடக்கமே, முடிந்த முடிபன்று. படத்தில் காயின் உள்ளறையும் வேரின் மணமும் தெரியா. ஒருவர் கூறியதை மற்றவர் சோதித்துத் திருத்துவதே உண்மையை அடையும் வழி.

ஆகவே இவ்வெள்ளி விழா ஆண்டில் நம் கழகத்தின்முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். திங்கள்தோறும் ஒரு ஞாயிறன்று கழகக் கூடத்தில் செடி மேசை ஒன்று இடுவோம். இலை, பூ, காய் ஆகியவற்றுடன் செடி கொணரப்படல் வேண்டும். களையெடுத்தும் ஆடு மேய்த்தும் பழகிய முதியோர் முதலில் பேசட்டும். ஊர்ப்பெயரும் வளரும் இடமும் பயனும் கூறட்டும். அடுத்து மாணவர் கைவில்லையைக் கொண்டு பூவைப் பிரித்து நோக்கி, நூலின் விளக்கத்தோடு ஒப்பிடட்டும். கேம்பிள் தொடங்கி 1915 முதல் 1936 வரை வெளிவந்த சென்னை மாகாணத் தாவர நூலும், திருச்சி தூய வளனார் கல்லூரியின் மேத்யூ அடிகளார் 1980களில் வெளியிட்ட தாவர நூலும் நமக்குத் துணையாகும். அவை ஆங்கிலத்தில் உள்ளன என்று அஞ்ச வேண்டா. தறிக்காலில் இலத்தீனம் கற்ற நெசவாளனை நினைவிற் கொள்க. மூன்றாவதாகத் தாவரவியல் ஆசிரியர் தம் கருத்தைக் கூறட்டும். ஐயம் எஞ்சின் பெயர் எழுதலாகாது. அச்செடியைச் செய்தித்தாள்களுக்கிடையே அழுத்தி உலர்த்தி வைத்துக்கொண்டு, திருச்சியில் உள்ள ரப்பினா உலர்தாவரத் தொகுப்பிலோ, கோவையில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல நிலையத்திலோ உள்ள அறிஞர்களை அணுகிக் கேட்போம்.

உலர்த்திய செடியின் தாளில் பெயர், இடம், நாள், சேகரித்தவர் என எழுதுவது வழக்கம். அதனுடன் 'செடியை அறிந்து கூறியவர்' என்று ஒரு வரியைக் கூட்டுவோம். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாயின் பெயர் அவ்வரியில் ஏறட்டும். அவர் பெயரை அவருடைய பேத்தியே தன் கையால் எழுதட்டும். தாய் களையெடுக்கச் செல்கிறாள் என்று பள்ளியில் கூறத் தயங்கும் பிள்ளைகள் இன்றும் உளர். அத்தாளைக் கண்ட பிள்ளைக்கு அத்தயக்கம் நீங்கும்.

செடியின் பெயர் சோறு போடும் என்று கூறி உங்களை மயக்க மாட்டோம். நூல் எழுதிய பக்ஸ்டனும் இறுதிவரை ஏழையாகவே வாழ்ந்தார். கூலி உயர்வுக்கும் நில உரிமைக்கும் நாம் நடத்த வேண்டிய போராட்டம் வேறு. அதனைச் செடி மேசை செய்து தராது. ஆனால் அறிவு எவர்க்கு உரியது என்ற வினாவிற்கு அம்மேசை விடை தரும். அறிந்தவர் முன் கைகட்டி நின்று கேட்கும் நிலை மாறி, அறிந்தவரோடு அமர்ந்து, தாமும் கூறி, பிறர் கூறுவதையும் சோதிக்கும் நிலை வரும். அண்ணல் அம்பேத்கர் நமக்குக் கற்பி என்று கூறினார். கற்பது மட்டுமன்று, கற்பிக்கவும் நம்மிடம் பொருள் உண்டு என்பதை நம் பிள்ளைகள் உணர்தல் வேண்டும்.

முதற்கூட்டத்தை வரும் திங்களிலேயே தொடங்கலாம். ஒரு மேசையும், பழைய செய்தித்தாளும், ஒரு கைவில்லையும், ஓர் எழுதுகோலும் போதும். செடிகளுக்கோ நம் ஊரில் பஞ்சமில்லை. அவற்றை அறிந்தவர்களுக்கும் பஞ்சமில்லை.