ஸே அகெய்ன்

பட்டம் வாங்க வந்திருக்கும் தம்பி தங்கைகளே,

நம் பழனிசெட்டிபட்டித் தடுப்பணையில் நீச்சல் பழகியவன் நான். அங்கே ஓடுவது அரபிக்கடலுக்குப் போகவேண்டிய பெரியாற்றுத் தண்ணீர்; அதைப் பொறியாளர் பென்னிகுயிக் 1895இல் கிழக்கே திருப்பிவிட்டார். அது நம் வயல்களை நனைத்து, வைகையில் சேர்ந்து, பெரும்பாலும் இராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடுகிறது. தண்ணீர் போய்ச் சேராத கடலுக்கு உங்களில் சிலர் போகப்போகிறீர்கள். கப்பலில் வேலை பார்த்து, பிறகு கப்பலுக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன் என்ற உரிமையில் பேசுகிறேன்.

கேடட்டாகச் சேர்ந்த புதிது. துறைமுகத்தில் கப்பலைக் கயிற்றால் கரையோடு கட்டிக்கொண்டிருந்தோம். அதிகாரி வாக்கி டாக்கியில் ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. “எஸ் சார்” என்றேன். கயிற்றைத் தளர்த்தச் சொல்லியிருக்கிறார். வின்ச் இழுத்துக்கொண்டே இருந்தது. மாலுமிகளின் தலைவரான போசன் ஓடிவந்து என்னைத் தள்ளினார். அறுந்த கயிறு நான் நின்ற இடத்தைச் சாட்டைபோல அடித்துவிட்டுப் போனது. என் ஆங்கில மதிப்பெண் அன்று என்னைக் காப்பாற்றவில்லை.

அனுபவசாலிகளுக்கும் இது நேரும். 2007 நவம்பர் 7 காலை, கடும் மூடுபனியில் ‘கோஸ்கோ பூசான்’ என்ற சரக்குக் கப்பல் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பாலத்தில் மோதியது. சுமார் 2 லட்சம் லிட்டர் எரிஎண்ணெய் கடலில் கொட்டியது. துறைமுகத்தில் கப்பலுக்கு வழிகாட்டும் பைலட் அமெரிக்கர், கேப்டன் சீனர். மின்னணு வரைபடத்தில் தெரிந்த சிவப்பு முக்கோணங்கள் எவை என்று பைலட் கேட்டார். பாலத்தின் நடுப்பகுதி என்று கேப்டன் பதில் சொன்னார். அவை தூணருகே கிடந்த மிதவைகள். காரணங்கள் பல. புறப்படுமுன் இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளாததையும் விசாரணை வாரியம் அவற்றில் சேர்த்தது.

இதுபோன்ற குழப்பத்தைத் தவிர்க்க, அந்த விபத்துக்கு முன்பே, 2001 நவம்பரில் சர்வதேசக் கடல்சார் அமைப்பு கப்பலுக்கென்றே ஒரு சொற்றொடர்த் தொகுப்பை ஏற்றுக்கொண்டது. ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் வானொலி இரைச்சலில் ஒன்றாகக் கேட்கும். அதனால் ஒன் ஃபைவ், ஃபைவ் ஸீரோ என்று சொல்ல வேண்டும். ‘மே’, ‘கேன்’ போன்ற சொற்களைத் தவிர்க்க அந்தத் தொகுப்பு சொல்கிறது. அனுமதி கேட்கிறாரா, முடியுமா என்று கேட்கிறாரா என்ற குழப்பம் வந்துவிடும். “ஸ்டார்போர்டு டென்” என்று கட்டளை வந்தால், சுக்கான் பிடிப்பவர் அதே சொல்லைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் திருப்ப வேண்டும்.

இப்படி நிர்ணயித்த சொற்களில் பேசுவது நமக்குப் புதிதல்ல. கம்பம் பஸ்ஸில் கண்டக்டர் “ஓல்டான்” என்கிறார், “ரைட்” என்கிறார். ஐம்பது உயிர் அந்த இரண்டு சொல்லை நம்பி ஏறி இறங்குகிறது. அவருடைய உச்சரிப்பை யாரும் திருத்தியதில்லை.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இலக்கணம் ஓரளவு வந்துவிடுகிறது. புரியவில்லை என்று சொல்லத்தான் வாய் வருவதில்லை. பெரியவரைத் திரும்பக் கேட்டால் மரியாதைக் குறைவு என்று வளர்த்துவிட்டோம். அந்தப் பிழை எங்களுடையது, உங்களுடையதல்ல. இங்கே வகுப்பில் பாடம் எடுக்கப்போகிறவர்களுக்கும் சொல்கிறேன்: திரும்பக் கேட்கும் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

கப்பலில் திரும்பக் கேட்பதற்கு இரண்டே சொல்: “ஸே அகெய்ன்.” கேப்டனிடமும் சொல்லலாம். மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை, குரலைத் தாழ்த்த வேண்டியதில்லை. இப்போது எல்லோரும் எழுந்து ஒருமுறை உரக்கச் சொல்லுங்கள். கடைசி வரிசையில் உங்கள் அம்மா உட்கார்ந்திருக்கிறார். அவர் காதிலும் விழட்டும்.