கையெழுத்தும் தட்டச்சும்

(பொம்மையார்பாளையத்தில் நடைபெற்ற நம் சங்கத்து மாணவர் பரிசளிப்பு விழாவில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



பரிசு பெற்ற பிள்ளைகளைப் பாராட்டிப் பேசுமாறு சங்கத்தார் என்னைப் பணித்தனர். அவர்களை மனமாரப் பாராட்டுகின்றேன். ஆயினும், பரிசு பெறாத ஒரு பிள்ளையைப் பற்றிச் சில சொல்லவே யான் இன்று இவ்வவையின்கண் எழுந்து நிற்கின்றேன்.

நம் சங்கம் நடத்தும் கட்டுரைப் போட்டிக்கு ஒரு விதி உண்டு. தெளிவான கையெழுத்தில் அமையாத கட்டுரைகள் தள்ளப்படும் என்பது அது. அவ்விதியை வரைந்தவன் யானே. இவ்வாண்டு அவ்விதியால் தள்ளப்பட்ட கட்டுரை என் வகுப்பு மாணவன் ஒருவனுடையது. அவன் தந்தையார் கடல்தொழில் செய்பவர். தாயார் பருவ காலத்தில் மரக்காணத்து உப்பளங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்பவர். வேற்றுமைப் புணர்ச்சிக்கும் அல்வழிப் புணர்ச்சிக்கும் உள்ள வேறுபாட்டை, யான் ஒருமுறை சொன்ன அளவில், புதிய எடுத்துக்காட்டுக்களோடு திருப்பிச் சொல்ல வல்லவன் அச்சிறுவன். அவன் விடைத்தாளோ நண்டு ஊர்ந்த ஈர மணல் போன்றிருக்கும். 'ழ'வும் 'மு'வும் அவன் கையில் ஒன்றே. காலும் ரகரமும் ஒன்றே.

காலாண்டுத் தேர்வில் அவனுக்கு 100க்கு 34 இட்டேன். 'சோம்பல்' என்று சிவப்பு மையால் எழுதியும் வைத்தேன். சின்னாட் கழித்து அவன் தந்தையாரை அழைத்துக் குறை கூறினேன். அவர் தலை குனிந்து, "வலை ஊசிகூட அவன் கையிலே நிற்கமாட்டேன் என்கிறது, ஐயா. சட்டைப் பொத்தானை இன்றைக்கும் அவன் தாய்தான் போட்டு விடுகிறாள். நானும் சோம்பல் என்றுதான் அடித்தேன்" என்றார். அச்சொல் என் நெஞ்சில் தைத்தது. மறுநாள் அவனைத் தனியே இருத்தி, அவன் தாளை அவனையே படிக்கச் சொல்லிக் கேட்டேன். இரண்டிடங்களில் அவனுக்கே தன் எழுத்து விளங்கவில்லை. மற்றவற்றை அவன் படிக்கப் படிக்க மதிப்பெண்ணைத் திருத்தினேன். 34 என்றது 71 ஆயிற்று. மாணவன் அறியாதிருந்தான் அல்லன், ஆசிரியன் படியாதிருந்தான்!

அன்பர்களே, ஏட்டுச் சுவடிகளின் வரலாற்றை இவ்விடத்து நினைவுகூர்தல் தகும். பழைய ஏடுகளில் மெய்க்குப் புள்ளி இராது. எகர ஏகாரங்களுக்குக் கொம்பு ஒன்றே. காலும் ரகரமும் ஒரே வடிவின. சி. வை. தாமோதரம் பிள்ளையவர்களும் உ. வே. சாமிநாதையரவர்களும் அவ்வேடுகளை எத்துணைப் பொறுமையோடு படித்து நமக்கு அச்சேற்றித் தந்தனர்! மயிலம் கல்லூரியில் தமிழ் பயின்ற நாளில் அப்பெருமக்களின் உழைப்பைப் போற்றி யானும் மேடைகளில் முழங்கியதுண்டு. முன்னோர் ஏட்டுக்குக் காட்டிய அப்பொறுமையை, எதிரே உயிரோடு நிற்கும் பிள்ளையின் தாளுக்கு யான் காட்டினேன் அல்லேன்.

அறிவாளியின் எழுத்துக் கிறுக்கலாகத்தான் இருக்கும் என்று சொல்லித் தேற்றுவாரும் உளர். அது பொருந்தாது. கணித மேதை இராமாநுசனுடைய குறிப்பேடுகளை மும்பை டாட்டா ஆராய்ச்சி நிலையத்தார் 1957இல் உள்ளபடியே படமெடுத்து வெளியிட்டனர். அவ்வெழுத்து மிகத் துலக்கமானது. காந்தியடிகளோ தம் கையெழுத்து நன்றாயில்லாமைக்கு வாழ்நாள் முழுதும் நாணினார். தென்னாப்பிரிக்காவில் இளம் வழக்கறிஞர்களின் அழகிய எழுத்தைக் கண்டபின் தம் எழுத்தைத் திருத்த முயன்றும் காலங் கடந்து போயிற்று என்று தம் வரலாற்றில் எழுதியுள்ளார். அவரே 1909இல் கப்பற் பயணத்தில் 'இந்திய சுயராஜ்யம்' எழுதுங்கால், வலக்கை ஓய்ந்தபோது இடக்கையால் எழுதி முடித்தார். ஆகலின், எழுத்தின் அழகைக் கொண்டு அறிவை அளத்தல் இருபுறமும் பிழையாம்.

சில பிள்ளைகட்கு எழுதும் தொழிலே இயல்பில் இடர்ப்படும் என்பதை மருத்துவர்கள் நெடுநாளாகக் கூறி வருகின்றனர். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், கற்றல் குறைபாடுகளுள் எழுதுதற் குறைபாட்டையும் பெயர் சுட்டிச் சேர்த்துள்ளது. விகாஷ் குமார் என்னும் இளைஞர், எழுதுங்கால் கை இழுத்துக்கொள்ளும் குறையுடையவர், ஆட்சிப் பணித் தேர்வுக்கு எழுதுநர் உதவி வேண்டினார். அது மறுக்கப்படவே வழக்குத் தொடுத்தார். 40 விழுக்காட்டுக் குறை உடையார்க்கே எழுதுநர் உரியர் என்பது செல்லாதென 2021 பிப்ரவரி 11இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் மாநிலப் பொதுத்தேர்விலும், சான்று பெற்ற பிள்ளைகட்கு எழுதுநரும் கூடுதலாக ஒரு மணி நேரமும் அளிக்கும் வழக்கம் உண்டு. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தார் 2018 முதல் இத்தகைய பிள்ளைகள் கணினியில் விடை அடிக்கவும் இசைந்துள்ளனர்.

ஆனால் சான்று பெறுதற்கு நம்மவர் அஞ்சுகின்றனர். 'குறையுள்ளவன்' என்னும் பெயர் பிள்ளைக்கு நிலைத்துவிடுமே, நாளை பெண் கொடுப்பார் யார் என்கின்றனர். தாய்மார்களே, 34 என்னும் எண்ணும் பெயர்தான். அஃது அவனுக்கு முன்னரே நிலைத்துவிட்டது. பொதுத்தேர்வில் வெளியூரில் இருந்து தாள் திருத்தும் ஆசிரியர், இவனை அழைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்க இயலுமா?

இனித் தட்டச்சைப் பற்றிச் சிறிது கூறுவேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா என்பார் தமிழுக்குத் தட்டச்சுப் பொறி அமைத்துத் தந்தார். 247 எழுத்துக்களை ஒரு சிறு பொறியில் அடக்குதல் எளிதன்று. புள்ளிக்கு நகராத விசை அமைத்து, புள்ளியை முன்னும் மெய்யெழுத்தைப் பின்னுமாக அடிக்கும்படி செய்தார். இலக்கணம் அறிந்தார்க்கு இது நகைப்பைத் தரும், ஆயினும் பயன்பட்டது. இன்று கணினியில் வழங்கும் தமிழ்99 என்னும் விசையமைப்போ 1999இல் அரசினரால் ஏற்கப்பெற்றது. உயிர் இடக்கையிலும் மெய் வலக்கையிலும் அமைய, உயிர்மெய் பிறக்கும் முறையிலேயே எழுத்துப் பிறக்கின்றது. என் மாணவன் இதனைக் கண்டதும், "ஐயா, நன்னூல் மாதிரியே இருக்கிறது!" என்று துள்ளினான்.

பொறி வந்தால் எல்லாம் தீரும் என்று யான் சொல்லவில்லை. விரல் விசையைத் தேடும் மட்டும் அது கையெழுத்தினும் மெதுவே. பல மாதப் பயிற்சி வேண்டும். 'கௌ' என்பதற்குக் கொம்பும் ககரமும் ளகரமும் தனித்தனியே அடித்து வைக்கும் புதுப் பிழையும் அதனாற் பிறக்கும். தொடக்க வகுப்புக்களில் எழுத்தை விரலால் மணலிலும் கோலால் பலகையிலும் எழுதிப் பழகுதலை ஒருபோதும் கைவிடலாகாது. எழுத்தின் வடிவம் கை வழியாகவே கருத்தில் பதியும். எட்டாம் ஒன்பதாம் வகுப்பு வந்தும் கை இசையாத பிள்ளைக்கே யான் இவ்வழியை வேண்டுகின்றேன்.

சங்கத்தார்க்கு என் விண்ணப்பம் இரண்டு. யான் வரைந்த விதியை யானே நீக்கக் கோருகின்றேன். தட்டச்சில் வரும் கட்டுரையையும், பிள்ளை வாயாற் சொல்லப் பிறர் எழுதிய கட்டுரையையும், அங்ஙனம் எழுதியதெனக் குறித்து ஏற்றல் வேண்டும். மற்றொன்று, நம் படிப்பகத்து மூலையில் துணி போர்த்துக் கிடக்கும் கணினி. கணக்கர் அவர்கள் அறையின் திறவுகோலைத் தந்து உதவுவாராயின், வரும் சனிக்கிழமை மாலை 5 மணிக்கு யானும் அப்பிள்ளையும் வந்துவிடுவோம்.