வெடைக்கோழியும் அதற்கொரு பெயரும்

கொல்லையில் ஏற்கெனவே நாலைந்து கோழி மேய்கிற வீட்டில் புதிதாகச் சேர்க்க ஏற்றது வெடைக்கோழி. நான்கு மாதம் கடந்து, முதல் முட்டைக்கு இன்னும் ஒன்றிரண்டு மாதம் காத்திருக்கும் பெட்டையை அப்படிச் சொல்வார்கள். நாட்டுக்கோழி ஆறு மாத வாக்கில்தான் முட்டைக்கு வரும். குஞ்சாக வாங்கினால் பருந்துக்கும் காக்கைக்கும் கீரிப்பிள்ளைக்கும் பங்கு போக மிச்சம்தான் தேறும். இரண்டு வயது தாண்டியதை வாங்கினால் முட்டை வருடத்துக்கு வருடம் குறையும். விற்க வருகிறவர் அதை விற்பதற்கும் பெரும்பாலும் அதுவே காரணம்.

திருச்சிப் பக்கம் கோழி வாங்க இடத்துக்குப் பஞ்சமில்லை. மணப்பாறை போன்ற ஊர்களின் சந்தை இருக்கிறது, கிராமத்து உறவினர் வீடு இருக்கிறது, இரண்டாவதுதான் மேல். தாய்க்கோழியையே நேரில் பார்த்துவிடலாம், அது எத்தனை முட்டை இட்டது, குஞ்சுகளை எப்படிக் காத்தது என்று கேட்டும்விடலாம். தெருவில் கூடையில் வைத்துப் பச்சை, ரோஜா, ஊதா என்று சாயம் தோய்த்து விற்கும் குஞ்சுகளை மட்டும் முட்டைக்கென்று யாரும் வாங்க வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை முட்டைக்கோழிப் பண்ணைகளுக்குத் தேவைப்படாத ஆண் குஞ்சுகள். பிழைத்து வளர்ந்தாலும் கூவும், அவ்வளவுதான். இந்த உரையைக் கேட்கும் வீடுகளில் பாதியிலாவது அப்படி ஒரு பச்சைக் குஞ்சு ஷூ பெட்டிக்குள் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போயிருக்கும்.

எந்த இனம் என்பது வீட்டின் தேவையைப் பொறுத்தது. சிறுவிடை உருவத்தில் சின்னது, தீனி குறைவு, அடை காப்பதிலும் குஞ்சுகளைக் கட்டி மேய்ப்பதிலும் கெட்டி. பெருவிடையும் அசீலும் கனத்தவை. கறிக்கும் கம்பீரத்துக்கும் பேர் போனவை, முட்டை சொற்பம். மத்தியப் பிரதேசத்து ஜாபுவா பகுதியின் கடக்நாத், அதாவது கருங்கோழி, 2018இல் புவிசார் குறியீடு பெற்றது. அதற்குப் பிறகு திருச்சியிலும் அதைத் தேடுகிறவர்கள் கூடினார்கள். ஆனால் அடைக்கு உட்காருவதில் அது சோம்பேறி. கருங்கோழி மட்டும் வைத்திருக்கும் வீட்டில் குஞ்சு பொரிக்க ஒரு சிறுவிடையையும் வைத்துக்கொள்வது நல்லது. ஐதராபாத் கோழி ஆராய்ச்சி நிறுவனம் புறக்கடை வளர்ப்புக்கென்றே உருவாக்கிய வனராஜா, கிராமப்பிரியா போன்றவை நாட்டுக்கோழியைவிட நிறைய முட்டை தரும். நாமக்கல் பண்ணைகளின் வெள்ளைக்கோழி ஆண்டுக்கு 300 முட்டைக்கு மேல் இடுவது உண்மைதான். அதற்கான தீனியும் வெளிச்சமும் கூண்டும் கொல்லையில் கிடைக்காது.

மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் திருச்சி வெயிலில் கழுத்தில் இறகில்லாத மொட்டைக்கழுத்துக் கோழிக்கு ஒரு சௌகரியம் உண்டு. உடல் சூடு எளிதில் வெளியேறும். பார்வைக்கு அழகில்லை என்று ஒதுக்குகிறவர்கள் ஒரு சித்திரை மாதம் முழுக்க அது வாய் பிளந்து மூச்சு வாங்காமல் மேய்வதைப் பார்த்தால் மனசு மாறுவார்கள். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீரங்கம் தீவின் கவலை வேறு. மேலூர், கொண்டையம்பேட்டைப் பக்கத்து வாழைத் தோட்டங்களில் ஈரம் அதிகம். அங்கே தரையோடு கிடக்கும் கூட்டைவிடக் கால் வைத்து உயர்த்திய கூடுதான் கோழிக்கு ஆரோக்கியம்.

இனி, கையில் எடுத்துப் பார்ப்பது. சந்தையில் நாலைந்து கோழிகளைக் காலோடு கால் கட்டித் தலைகீழாகத் தூக்கிக் காட்டுவார்கள். அந்த நிலையில் எதையும் கணிக்க முடியாது. கட்டை அவிழ்த்துத் தரையில் விடச் சொல்ல வேண்டும். நல்ல வெடை விட்டதும் இறகைச் சிலிர்த்து உதறும், கழுத்தை நீட்டிச் சுற்றிலும் பார்க்கும், ஒரு மணி நொய்யைப் போட்டால் உடனே கொத்தும். தோளுக்குள் தலையை இழுத்துக்கொண்டு நிற்பதைத் தொடாமலே அடுத்ததற்குப் போய்விடலாம். பிறகு கையில் எடுத்து, மார்பெலும்பின் பின்முனையைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். இளசு என்றால் அது கொஞ்சம் வளைந்து கொடுக்கும். முற்றியது கல்லாக இருக்கும். கால் செதில் வழுவழுப்பாக இருக்கிறதா, சொரசொரப்பாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறதா என்பதும் வயதைச் சொல்லிவிடும். வாலடியில் இறகை வாயால் ஊதி விலக்கினால் பேன் இருக்கிறதா என்று தெரியும். அங்கே வெள்ளையாகவோ பச்சையாகவோ எச்சம் ஒட்டியிருந்தால் வேண்டாம். முட்டையிடும் கோழி என்று சொல்லி விற்றால், ஆசனவாய்க்கு இருபுறமும் தட்டுப்படும் இரண்டு எலும்புகளுக்கு நடுவே விரலை வைத்துப் பார்ப்பார்கள். இரண்டு மூன்று விரல் நுழைந்தால் விற்பவர் சொல்வது நிஜம். ஒரு விரல்தான் என்றால் அது இன்னும் முட்டைக்கு வரவில்லை, அல்லது நிறுத்திவிட்டது. கொண்டை சிவந்து பளபளப்பாக இருந்தால் முட்டைக்கு நெருங்கிவிட்டது. வெளிறிச் சுருங்கியிருந்தால் அடையிலிருந்து எழுந்து வந்ததாகவும் இருக்கலாம், நோயாகவும் இருக்கலாம்.

வாங்கி வந்ததும் பழைய கோழிகளோடு விட்டுவிடக் கூடாது. இரண்டு மூன்று வாரம் தனிக் கூட்டிலோ பஞ்சாரத்துக்குள்ளோ தள்ளி வைப்பது முறை. வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரு கொல்லையே காலியாகும் என்பது தெரிந்த கதை. அதன் பிறகு ஒருநாள் இருட்டியதும் பழையவை அடைந்திருக்கும் கூட்டிலேயே புதியதையும் மெல்லச் சேர்த்துவிடுவார்கள். விடிந்ததும் சண்டை இருக்கும், ஆனாலும் பட்டப்பகலில் கொண்டு வந்து நடுவே போட்ட சண்டை மாதிரி இருக்காது. ஒன்றாகச் சேர்ப்பதைவிட இரண்டாகச் சேர்ப்பது நல்லது. வாங்கும் கொத்தை இரண்டும் பங்கு போட்டுக்கொள்ளும்.

இந்தச் சண்டைக்கு ஒரு கணக்கு உண்டு. யார் யாரைக் கொத்தலாம், யாரிடம் கொத்து வாங்கிக்கொண்டு சும்மா போக வேண்டும் என்று ஒவ்வொரு மந்தையிலும் ஒரு வரிசை இருக்கிறது. நார்வே நாட்டு தோர்லெய்ஃப் ஷெல்டெரப்-எப்பே சின்ன வயதிலேயே கோழிகளைக் கவனித்துக் குறிப்பு எழுதியவர். 1920களின் தொடக்கத்தில் அவர்தான் இதை ஆராய்ச்சியாக வெளியிட்டார். இந்த வரிசை நிலைக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு கோழியும் மற்றதைத் தனித்தனியே அடையாளம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அவை பார்ப்பது முகத்தையும் கொண்டையையும். ஆக, ஆளாளுக்கு அடையாளம் வைப்பதில் வீட்டுக்காரர்களைக் கோழிகள் முந்திக்கொண்டுவிட்டன.

பெயர் சூட்டும் படலம் இங்கேதான் ஆரம்பிக்கிறது, அதற்குத் திருச்சியைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. திருச்சி உறையூருக்குக் கோழியூர் என்றே ஒரு பெயர் உண்டு. அங்குள்ள நாச்சியார் கோயிலை வைணவர்கள் திருக்கோழி என்பார்கள். ஒரு கோழி யானையோடு மோதி அதை விரட்டிய இடம் என்பதால் சோழன் அங்கே தலைநகரை அமைத்தான் என்பது கதை. பஞ்சவர்ணசுவாமி கோயிலில் அந்தச் சண்டை சிற்பமாகவும் இருக்கிறது. ஊருக்கே பெயர் கொடுத்த அந்தக் கோழிக்குக் கதையில் பெயர் கிடையாது. தோற்ற யானையின் வம்சத்துக்கோ அந்தக் குறை இல்லை. ஸ்ரீரங்கத்தில் ஆண்டாள், திருவானைக்காவலில் அகிலா என்று பள்ளிப் பிள்ளைகள்கூட யானைகளைப் பெயர் சொல்லிக் கேட்பார்கள். உறையூர்க் கோழிக்குச் செய்யத் தவறியதைக் கொல்லைக் கோழிக்காவது செய்வது நியாயம்.

நிறத்தை வைத்து அழைப்பதே பழைய வழக்கம்: கருப்பி, வெள்ளச்சி, செவலை, சாம்பல், புள்ளி. சேவற்கட்டுக்காரர்களும் காகம், மயில், கீரி, வல்லூறு என்று நிறத்தை வைத்துத்தான் சேவலைப் பிரிப்பார்கள். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. குஞ்சு வெடையாவதற்குள் இறகு சில முறை உதிர்ந்து முளைக்கும். மூன்று மாதத்தில் சாம்பலாக இருந்தது ஆறு மாதத்தில் ஏறக்குறையக் கருப்பாக நிற்கும். வளர்ந்த கோழியும் ஆண்டுக்கொரு முறை இறகு உதிர்க்கும், புது இறகின் சாயல் கொஞ்சம் மாறும். நிறத்தால் பெயர் வைக்கிறவர்கள் ஐந்து மாதம் வரை பொறுப்பது நல்லது. கொண்டையின் அமைப்பு அப்படி மாறாது. அசீல் வழிக் கோழியின் குட்டைக் கொண்டையும், ஒற்றையாக நிமிர்ந்து நுனியில் ஒரு பக்கம் சாயும் கொண்டையும் கடைசிவரை அடையாளம். கொண்டைக்காரி, தாடிக்காரி, குட்டைக்காலி போன்ற பெயர்கள் நிலைத்து நிற்பதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு வழி, வந்த ஊரை வைத்து அழைப்பது. வாழ்க்கைப்பட்டு வந்த பெண்ணை லால்குடிக்காரி, முசிறிக்காரி என்று மாமியார் வீட்டில் சொல்வது போலக் கோழியும் மணப்பாறைக்காரி ஆகும், துறையூர்க்காரி ஆகும். ஒரு பொருள் எந்த வழியாக வந்ததோ அதையே பெயராக்குவது இந்தப் பக்கத்து உழவர்களுக்குப் பழக்கமானது. 1960களில் ஆடுதுறை 27 நெல்லைத் திருச்சி வானொலி ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தபோது, தஞ்சை உழவர்கள் அதற்கு வைத்த பெயர் ரேடியோ நெல். வானொலி கேட்டு வாங்கிய கோழிக்கு ரேடியோ என்று பெயர் வைக்க யாருக்காவது தோன்றினால் இந்த நிலையத்துக்கு ஆட்சேபணை இருக்காது.

குணத்தை வைத்துப் பெயரிட ஒரு வாரமாவது காத்திருக்க வேண்டும். வந்த முதல் மூன்று நாள் எல்லாக் கோழியும் பயந்தாங்கொள்ளிதான். பிறகுதான் வேலி தாண்டுவது எது, அடுக்களை வரை வருவது எது, தான் இட்ட முட்டையைத் தானே கொத்திக் குடிக்கும் கள்ளி எது என்பதெல்லாம் வெளிச்சத்துக்கு வரும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்தப் பொறுமையெல்லாம் நடக்காது. கூடையைத் திறக்கும் முன்பே குந்தவை, வானதி, பூங்குழலி என்று கல்கியின் நாவலிலிருந்து பெயர்கள் வந்து இறங்கும். இன்னொன்றும் வந்தால் அதை நந்தினி ஆக்கிவிடுவார்கள், அது பாவம் எவ்வளவு சாதுவாக இருந்தாலும். திருச்சிக்கென்று தேர்ந்தெடுப்பதானால் மங்கம்மா கம்பீரமான பெயர். கோட்டையில் இருந்து ஆண்ட அரசியின் பெயர், வரிசையில் முதலாவதாகக் கொத்தும் கோழிக்கு ஒட்டும்.

தவிர்க்க வேண்டியவையும் உண்டு. பக்கத்து வீட்டில் யாருக்காவது இருக்கும் பெயர் ஆகாது. விடியற்காலையில் மதிலோரம் நின்று, ‘ஏய் சரோஜா, குப்பையைக் கிளறாதே’ என்று கத்தினால் விளைவு கோழியோடு நிற்காது. சாமிக்கு நேர்ந்துவிட்டதற்கும் அடுத்த விருந்துக்கு என்று வைத்திருப்பதற்கும் பெயர் சூட்டாமல் இருப்பதே பெரியவர்கள் வழக்கம். பிள்ளைகள் சாப்பாட்டு நேரத்தில் கேட்கும் கேள்விக்கு அப்போது யாரும் பதில் தேட வேண்டியிருக்காது. ஆணா பெண்ணா என்று உறுதியாகும் முன்பு வைக்கும் பெயரும் ஆபத்து. வள்ளி என்று வளர்த்தது ஒருநாள் வேலியில் ஏறி நின்று கூவும். கழுத்திலும் இடுப்பிலும் இறகு கூராக நீண்டு, பளபளத்துத் தொங்க ஆரம்பித்தாலே அது சேவல். பெட்டையின் இறகு நுனி உருண்டையாக இருக்கும்.

ஒரே மாதிரி இரண்டு கருப்பிகள் வந்துவிட்டால் பெரிய கருப்பி, சின்னக் கருப்பி என்ற ஏற்பாடு, சின்னது பெரியதைவிடப் பெருத்துப் போகும்வரை செல்லும். அதற்குக் காலில் நிற வளையம் மேல். நூல் கட்டினால் கால் பருக்கும்போது இறுக்கிப் புண்ணாக்கும், மாதம் ஒரு முறை அவிழ்த்துக் கட்ட வேண்டும்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கோழி வருமா என்பது அடிக்கடி எழும் கேள்வி. கோழி ஓடி வருவது ‘பா... பா... பா’ என்ற குரலுக்கும் தவிட்டுச் சட்டியின் சத்தத்துக்கும்தான். ஒரு கோழியை மட்டும் ஒரு சொல்லோடு தினமும் கையிலிருந்து தீனி கொடுத்துப் பழக்கினால் அந்தச் சொல்லுக்கும் திரும்பிப் பார்க்கும். முட்டைக்குள் இருக்கும்போதே குஞ்சு கீச்சிடுவதும், அடையில் இருக்கும் தாய் அதற்குக் குரல் கொடுப்பதும் இயல்பு. குரலைக் கேட்டுப் பழகுவது கோழிக்குப் புதிதல்ல.

பெயரின் உண்மையான உபயோகம் நாட்காட்டியில் தெரியும். தினசரித் தாளின் ஓரத்தில் ‘கருப்பி அடை, 11 முட்டை’ என்று குறித்துவிட்டால் 21ஆம் நாள் எப்போது என்று விரல் விட்டு எண்ண வேண்டாம். எது அடிக்கடி அடைக்கு உட்காருகிறது, எது முட்டையைக் கூமுட்டையாக்குகிறது, எதன் குஞ்சு தங்குகிறது என்று ஒரு வருடக் குறிப்பு சொல்லிவிடும். அடுத்த முறை அடைக்கு எந்தக் கோழியின் முட்டையை எடுத்து வைப்பது என்று அதிலிருந்தே முடிவு செய்யலாம். பிப்ரவரியில் கால்நடைத் துறை நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமுக்கு எது போய் வந்தது, எது அன்றைக்கு வேலி தாண்டிப் போயிருந்தது என்பதும் அதே நாட்காட்டியில் இருக்கும். பொரிந்து வரும் குஞ்சுகளுக்குத் தனிப் பெயர் கிடையாது. அவையெல்லாம் ‘கருப்பி குஞ்சு’தான். சேவல்கள் வளர்ந்ததும் சந்தைக்குப் போகும். பெட்டைகள் வெடையாகும்போது, அந்த வீட்டுப் பிள்ளைகள் மறுபடியும் கல்கியைப் புரட்ட வேண்டியிருக்கும்.