கமிஷன் பட்டியலும் நான்கு கையெழுத்துக்களும்



விற்பனையாளர் ஒருவருக்கு மாதச் சம்பளத்துடன், அவர் விற்றுத் தந்த சரக்கின் மதிப்பில் நூற்றுக்கு இத்தனை என்று கமிஷனும் கொடுப்பது வணிக உலகில் பெருவழக்கு. அதனைக் கணக்கிட்டு எழுதிய ஏடே கமிஷன் பட்டியல். அதனைப் பலர் பார்த்து ஒப்பமிட்ட பின்னரே பணம் வழங்கப்படும். மாணவர்களாகிய உங்களுக்கு இது சுவையற்ற அலுவலகச் சடங்காகத் தோன்றலாம். ஒரு நாள் வரையில் எனக்கும் அவ்வாறே தோன்றியது.

அப்போது நான் நீரேற்று மோட்டார் விற்கும் நிறுவனம் ஒன்றின் கணக்குத் துறையில் இருந்தேன். விற்பனையாளர் ஒருவர் ஒன்று 10,000 ரூபாய் வீதம் 24 மோட்டார்களை விற்றிருந்தார். அவற்றுள் ஆறு திரும்பி வந்துவிட்டன. எஞ்சிய 1,80,000 ரூபாய்க்கு, நூற்றுக்கு இரண்டு வீதம், அவருக்குச் சேர வேண்டியது 3,600 ரூபாய். கிடைத்ததோ 2,400. கிடங்கின் சீட்டைக் கொண்டு ஒரு முறையும், வாடிக்கையாளருக்கு அனுப்பிய கிரெடிட் நோட்டைக் கொண்டு மறுமுறையும் அந்த ஆறு மோட்டார்கள் கழிக்கப்பட்டிருந்தன.

பட்டியலில் நான்கு கையெழுத்துக்கள் இருந்தன. நான்காவது என்னுடையது. முன்னவர் மூவரும் பார்த்திருப்பர் என்று நான் நம்பினேன்; பின்னால் நான் பார்ப்பேன் என்று அவர்கள் நம்பினர். விற்பனையாளரோ பணம் கைக்கு வந்த பிறகே பட்டியலைக் கண்டார். அவர் தம் சட்டைப்பையிலிருந்த சிறு குறிப்பேட்டைப் பிரித்து என் மேசைமீது வைத்தார்; ஒரு சொல்லும் கூறவில்லை.

ஐந்தாவது கையெழுத்து ஒன்றைச் சேர்க்கலாம் என்றார் மேலாளர். நான் உடன்படவில்லை. ஒவ்வொரு கையெழுத்தும் தனக்கென ஒரு வினாவுக்கு விடையாதல் வேண்டும் என்றேன். விற்பனை மெய்யாகவே நடந்ததா, நடத்தியவர் எவர் என்பதற்கு விற்பனை மேலாளர் பொறுப்பு. பணம் வந்ததா, சரக்குத் திரும்பிற்றா என்பதற்குக் கணக்குத் துறை. வீதம் ஒப்பந்தப்படி உள்ளதா என்பதற்கு நிதி அதிகாரி. கணக்கிட்டவரே ஒப்புதலும் அளித்தலாகாது.

முதல் வினாவை எளிதென்று எண்ணிவிடாதீர்கள். 2016 செப்டம்பரில் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கிக்கு 18 கோடியே 50 லட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. விற்பனை இலக்கை எட்டி ஊக்கத்தொகை பெறும் பொருட்டு, அதன் ஊழியர்கள் வாடிக்கையாளர் அறியாமலே கணக்குகளைத் திறந்திருந்தனர். ஏட்டில் எண்ணிக்கை இருந்தது, விற்பனை இல்லை.

இம்மூவருக்கும் முன்னதாகப் பட்டியல் விற்பனையாளரிடமே செல்ல வேண்டும் என்பதையும் வற்புறுத்தினேன். தம் உழைப்பின் கணக்கை அவரினும் நன்கறிந்தவர் எவர்? ஆட்சேபம் கூற மூன்று நாள் தவணை. ஒப்பமிடுவோர் விடுப்பிலிருப்பின் பதிலாள் முன்னரே குறிக்கப்பட வேண்டும். அதிகாரி ஒருவர் ஊருக்குச் சென்றதற்காக இருபது குடும்பங்கள் காத்திருத்தல் நியாயமன்று. இன்று கணினி இப்பட்டியலை நொடியில் மேசைக்கு மேசை அனுப்பிவிடுகிறது. ஆயினும், படியாமல் கையெழுத்திடுவதைக் காட்டிலும் படியாமல் பொத்தானை அழுத்துவது எளிது என்பதையும் கண்டிருக்கிறேன்.

புதிய முறையின் முதல் மாதத்தில் வந்த ஆட்சேபங்களுள் ஒன்று அந்த விற்பனையாளருடையது. தம் பெயரில் எழுதப்பட்டிருந்த ஒரு விற்பனை, பக்கத்து வட்டத்து நண்பருக்குரியது என்று குறித்திருந்தார்.