விழுந்த பிள்ளை மீண்டும் சைக்கிள் ஏற

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம் தோட்டத்து லயங்களில் சைக்கிள் ஓட்டப் பழகாத பிள்ளை இல்லை எனலாம். பழகும்போது விழாத பிள்ளையும் இல்லை. பெரும்பாலானவர்கள் முட்டியைத் தடவிக்கொண்டு எழுந்து மறுபடியும் ஏறிவிடுவார்கள். சிலர் ஏறுவதில்லை. சைக்கிளைக் கண்டாலே ஒதுங்கிப் போகும் அந்தச் சில பிள்ளைகளைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறோம்.

இது அற்ப விஷயம் என்று சில பெற்றோர் நினைக்கலாம். லயத்திலிருந்து பேருந்து நிற்கும் பெருஞ்சாலைக்கு மூன்று நான்கு கிலோமீட்டர் செம்மண் பாதையாக இருக்கும் தோட்டங்களில் அப்படிச் சொல்ல முடியாது. விடியற்காலையில் தாயும் தந்தையும் பெரட்டுக்குப் போய்விடுகிறார்கள். கொண்டுபோய் விட ஆளில்லை. ஆறாம் ஆண்டை முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகவேண்டிய பெண்பிள்ளை சைக்கிளுக்குப் பயந்தால், முதலில் வாரத்தில் ஒரு நாள் மட்டம் போடும், பிறகு இரண்டு நாள். கடைசியில் ‘வீட்டிலேயே இருக்கட்டும்’ என்று ஆகிவிடும். படிப்பு நின்றதற்குச் சைக்கிள்தான் காரணம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

பயத்தைக் கவனிக்குமுன் உடம்பைக் கவனிக்கவேண்டும். தலையில் அடிபட்ட பிள்ளை வாந்தி எடுத்தாலும், தூங்கித் தூங்கி விழுந்தாலும், பேச்சு குழறினாலும், காதிலோ மூக்கிலோ இரத்தமோ நீரோ வடிந்தாலும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். கைப்பிடியின் முனை வயிற்றில் குத்தியிருந்தால், வெளியே சிறு சிராய்ப்புத்தான் இருக்கும், உள்ளே ஈரலோ மண்ணீரலோ காயப்பட்டிருக்கலாம். வயிற்று வலி நீடித்தால் அலட்சியம் வேண்டாம். சாதாரணச் சிராய்ப்பை ஓடும் நீரிலும் சவர்க்காரத்திலும் கழுவினால் போதும். காப்பித்தூள் அப்புவதை விட்டுவிடுங்கள். மாடு நடமாடும் மண்ணில் விழுந்த காயத்தால் இசிவு நோய் வரலாம். அதற்கான தடுப்பூசியை நம் நாட்டில் 7 வயதிலும் 15 வயதிலும் பள்ளியிலேயே போடுகிறார்கள். உங்கள் பிள்ளை அன்று பள்ளிக்கு வராமல் இருந்துவிட்டதா என்று ஒருமுறை கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

இனிப் பயத்துக்கு வருவோம். விழுந்த சூட்டோடு பிள்ளையைத் தூக்கிச் சைக்கிளில் உட்காரவைத்துவிட வேண்டும் என்று சொல்லும் தகப்பன்மார் உண்டு. அடி இலேசாக இருந்து, பிள்ளையும் விரும்பினால் சரி. அலறிக்கொண்டிருக்கும் பிள்ளையை வற்புறுத்தி ஏற்றினால், விழுந்த பயத்தோடு அப்பாவின் பயமும் சேர்ந்துகொள்ளும். ‘பக்கத்து வீட்டுத் தம்பி ஓட்டவில்லையா, நீ ஆம்பிளைதானே’ என்ற பேச்சு அதைவிட மோசம். சாமி கும்பிட்டுத் திருநீறு பூசுவது பிள்ளைக்கு ஆறுதல் தருமானால் தாராளமாகப் பூசுங்கள். ஆனால் அதோடு விட்டுவிடாமல், ‘எப்படியம்மா விழுந்தாய், எந்த இடத்தில், அப்போது என்ன நினைத்தாய்?’ என்று கேளுங்கள். பத்துத் தடவை சொன்னாலும் பொறுமையாகக் கேளுங்கள்.

கேட்டால் காரணமும் தெரியவரும். பல சமயம் பிள்ளையின் பயம் நியாயமானதாகவே இருக்கிறது. பிரேக் கட்டை தேய்ந்திருக்கும். இல்லாவிட்டால் அப்பாவின் பெரிய சைக்கிளில், குறுக்குக் கம்பிக்கு அடியில் காலை நுழைத்து ஓட்டியிருக்கும். முதலில் அதைச் சரிசெய்யுங்கள். செய்யும்போது பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சங்கிலிக்கு எண்ணெய் விடச் சொல்லுங்கள். ஓட்டச் சொல்லாமல் சைக்கிளைத் தொடவைக்க இதைவிட நல்ல வழி எங்களுக்குத் தெரியவில்லை.

1924-ஆம் ஆண்டில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர், முயலைக் கண்டு நடுங்கிய பீட்டர் என்ற சிறுவனின் பயத்தைப் போக்கிய விதத்தை எழுதி வெளியிட்டார். பிள்ளை தனக்குப் பிடித்த பண்டத்தைத் தின்றுகொண்டிருக்கும்போது, கூண்டிலிருந்த முயலைத் தொலைவிலிருந்து சிறிது சிறிதாக அருகே கொண்டுவந்தார்கள். முடிவில் அவன் முயலைத் தன் விரலைக் கொறிக்கவும் விட்டான். சைக்கிளுக்கும் இந்த முறையே பொருந்தும்.

பிள்ளையின் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படியும் அளவுக்கு இருக்கையை இறக்குங்கள். முடிந்தால் பெடல்களையும் கழற்றிவிடுங்கள். இடப்பக்கப் பெடலின் மரை தலைகீழானது, அதைக் கடிகார முள் சுற்றும் திசையில் திருகினால்தான் கழலும். பிறகு பள்ளித் திடலில், காலால் தரையை உந்தி உந்திப் போகட்டும். 1817-இல் ஜெர்மனியில் கார்ல் டிரைஸ் ஓட்டிக்காட்டிய முதல் இருசக்கர வண்டிக்கும் பெடல் கிடையாது, இப்படித்தான் ஓடியது! கால் எட்டும் தூரத்தில் தரை இருக்கிறது என்று தெரிந்தால் பிள்ளையின் தோள் தளரும், பிடி இளகும். சாய்ந்த பக்கமே கைப்பிடியைத் திருப்பினால் வண்டி நிமிரும் என்பதை உடம்பு தானாகவே கற்றுக்கொள்ளும். பெற்றோர் கைப்பிடியைப் பிடித்தால் இந்தப் பாடம் நடக்காது. இருக்கையின் பின்புறத்தையோ பிள்ளையின் தோளையோ பிடியுங்கள். பிடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு, சொல்லாமல் கையை விடாதீர்கள். அண்ணன்மார் செய்யும் வேலை இது. அதற்குப் பிறகு பிள்ளை யாரையும் நம்பாது.

ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். அழுகை வருமுன் நிறுத்திவிடுங்கள். பாராட்டும்போது ‘கெட்டிக்காரி’ என்று பொதுவாகச் சொல்வதைவிட, ‘மாடு குறுக்கே வந்ததும் பிரேக்கைப் பிடித்து நின்றாயே’ என்று அது செய்த காரியத்தைச் சொல்லுங்கள். விழுந்த இடத்தை, கான் ஓரமோ பாலத்து இறக்கமோ எதுவானாலும், கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் அங்கே வெறுமனே நடந்து போங்கள், மறுநாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போங்கள்.

ஒரு மாதத்துக்கு மேலும் பிள்ளை இரவில் திடுக்கிட்டு விழித்தாலோ, படுக்கையை நனைத்தாலோ, பள்ளிக்கே போகமாட்டேன் என்றாலோ, அரசாங்கச் சுகாதார நிலையத்து மருத்துவரிடம் காட்டுங்கள். வகுப்பாசிரியரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். பிள்ளை ஓய்வு நேரத்தில் யாருடன் விளையாடுகிறது, எதைக் கண்டு ஒதுங்குகிறது என்பதை நாங்கள் கவனித்துச் சொல்ல முடியும்.

தலைக்கவசம் வாங்கிக் கொடுத்திருந்தால், விழுந்தபோது அடி வாங்கிய கவசத்தை, கீறல் வெளியே தெரியாவிட்டாலும், மாற்றிவிடுங்கள். உள்ளேயிருக்கும் நுரை ஒருமுறை நசுங்கினால் அடுத்த அடியைத் தாங்காது. புதியதன் நிறத்தைப் பிள்ளையே தெரிந்தெடுக்கட்டும்.